செட்டிநாடு ஓடுதளம்: டவர் இல்லாமல், ஆள் இல்லாமல் ஒரு விமானத்தளம் நடக்குமா?

கல்லல்ரயிலடி எழுதியது (ஞாயிறு, காலை 9.10)

தேர்தல் வந்தாலும் சரி, பட்ஜெட் வந்தாலும் சரி, எங்கள் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். செட்டிநாடு கால்நடைப் பண்ணையில் கிடக்கும் பழைய ரன்வேயில் மறுபடி விமானம் இறங்கப்போகிறதாம். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் வெள்ளைக்காரன் போட்ட தளம் அது. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் ஓடுபாதைகளை இன்றைக்கும் சாட்டிலைட் படத்தில் பார்க்கலாம். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்கள், சிங்கப்பூர் மலேசியா போய்வருகிற நம்மவர்கள், எல்லாரும் வந்து குவிவார்கள் என்று டீக்கடையில் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

எனக்கு ஆசையைவிட சந்தேகம்தான் அதிகம். வெளிநாட்டில், அதுவும் பாலைவனத்துக்கு நடுவில், ஆயிரம் இரண்டாயிரம் பேர் இருக்கிற ஊருக்குக்கூட ஒரு பொது விமானத்தளம் உண்டு என்கிறார்கள். அங்கே யார் இறங்குகிறார்கள்? யார் காவல்? செலவு யாருடையது? இங்கே விமானம் தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். "வளர்ச்சி வரும்" என்ற பாட்டை விட்டுவிட்டு நடப்பைச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டிப்பறவை எழுதியது (ஞாயிறு, காலை 10.42)

வணக்கம் கல்லலண்ணே. ஊர் உசிலம்பட்டி, பிழைப்பு கலிபோர்னியா. சொந்தமாக ஓட்டிக்கொள்ளும் அளவுக்குப் பைலட் லைசென்ஸ் வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட மாதிரி ஊருக்கு இங்கேயுள்ள ட்ரோனாவைச் சொல்லலாம். மொஹாவி பாலைவனப் பக்கம், சியர்ல்ஸ் என்ற வற்றிப்போன ஏரியின் கரையில் இருக்கிறது. ஏரிப்படுகையின் உப்புநீரிலிருந்து சோடா சாம்பலும் போராக்ஸும் எடுக்கிற ஆலைதான் ஊருக்கு உயிர். பள்ளத்தாக்கு முழுவதையும் கூட்டினாலும் இரண்டாயிரம் பேர் தேறாது. பள்ளிக்கூடத்து ஃபுட்பால் மைதானத்தில்கூடப் புல் கிடையாது, மண்தான். அப்படிப்பட்ட ஊருக்கு வடக்கே ஒரு பொது விமானத்தளம் இருக்கிறது. விமானங்களுக்கு ரேடியோவில் வழி சொல்கிற கட்டுப்பாட்டு டவர் இல்லை. டிக்கெட் வாங்கி ஏறுகிற விமானமும் இல்லை.

அமெரிக்காவில் பொதுமக்கள் இறங்கக்கூடிய விமானத்தளங்கள் சுமார் 5,000. அவற்றில் டவர் உள்ளவை சுமார் 500தான். மற்றதெல்லாம் ரேடியோவை நம்பி ஓடுகிறது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பொது அலைவரிசை உண்டு. இறங்க வருகிறவர் தான் யார், எங்கே இருக்கிறேன், எந்த ஓடுபாதைக்கு வருகிறேன் என்று காற்றில் சொல்லிவிட்டு வருவார். "ட்ரோனா ட்ராஃபிக்" என்று ஊர்ப்பெயரில் தொடங்கி, முடிக்கும்போதும் "ட்ரோனா" என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தளங்கள் ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொள்வதால், எந்த ஊர்க்காரன் பேசுகிறான் என்று தெரிய அதுதான் வழி.

ராத்திரி விளக்கு? அதற்கும் ஆள் கிடையாது. விளக்கு வசதி உள்ள தளங்களில் பைலட்டே வானத்திலிருந்து மைக் பட்டனைத் தட்டி எரிய வைக்கலாம். ஐந்து வினாடிக்குள் மூன்று தட்டு என்றால் மங்கல், ஐந்து என்றால் நடுத்தரம், ஏழு என்றால் முழு வெளிச்சம். கால் மணி நேரம் எரிந்துவிட்டு அதுவாக அணைந்துவிடும். பெட்ரோல் இருக்கிற இடத்தில் கார்டைத் தேய்த்து நாமே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். சில ஊர்களில் பழைய கார் ஒன்றை நிறுத்திவைத்திருப்பார்கள். எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய் ஊற்றித் திருப்பி நிறுத்திவிட்டு வரலாம். நம்மூரில் அந்தக் கார் மறுநாள் இருக்குமா என்று கேட்காதீர்கள், கேட்கத்தான் போகிறீர்கள் என்று தெரியும்.

செலவுக்கு வருகிறேன். இப்படிப்பட்ட தளங்கள் பெரும்பாலும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போல), நகராட்சி மாதிரி உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பில் இருக்கும். விமான டிக்கெட், விமான எரிபொருள் மீது போடுகிற வரி 1970இல் ஏற்படுத்திய தனி நிதிக்குப் போகிறது. தேசியப் பட்டியலில் இடம்பிடித்த தளங்களுக்கு அதிலிருந்து ஓடுபாதை போட, செப்பனிட உதவி வரும். நியூயார்க்கில் டிக்கெட் வாங்குகிறவன் காசில் எங்கோ ஒரு பொட்டல் காட்டில் தார் போடுகிறார்கள். பட்டியலுக்கு வெளியே இருப்பவை ஊர்க்காசிலும் ஊர்க்காரர் உழைப்பிலும்தான் ஓடுகின்றன.

பெருங்குடிமாமன் எழுதியது (ஞாயிறு, காலை 11.05)

தம்பி, எல்லாம் சரி. டவரே இல்லாமல் இரண்டு விமானம் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும்? நம்மூர் ரிங்ரோட்டில் சிக்னல் இருக்கும்போதே என்ன நடக்கிறது என்று தினமும் பார்க்கிறேன்.

உசிலம்பட்டிப்பறவை எழுதியது (ஞாயிறு, பகல் 12.20)

மாமா, கொடைக்கானல் மலையில் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கிறோமே, அந்த மாதிரிதான். அதோடு எல்லாரும் ஒரே வட்டத்தில் சுற்றி வர வேண்டும் என்ற விதியும் உண்டு. தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில், ஓடுபாதைக்கு இணையாகப் போய், இடது பக்கமாகவே இரண்டு முறை திரும்பி இறங்குவார்கள். வலது பக்கம் திரும்ப வேண்டிய தளம் என்றால் வரைபடத்திலேயே குறித்திருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கம்பத்தில் கட்டிய காற்றுப்பையைப் பார்த்து, எதிர்காற்றில் இறங்குகிறோம். ரேடியோவே இல்லாத பழைய விமானமும் வரலாம் என்பதால் கண்ணைத்தான் கடைசி வரை நம்ப வேண்டும். மோதல்கள் நடந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாளைக்கு நாலு விமானம் வருகிற இடத்தில் டவர் கட்டி, மூன்று ஷிஃப்ட் ஆள் போடுவது கட்டுப்படியாகாது.

பழையகோபுரம் எழுதியது (ஞாயிறு, மாலை 4.30)

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உசிலம்பட்டித் தம்பி சொன்னது சரியான படம். ஆனால் அதை அப்படியே பெயர்த்தெடுத்து கானாடுகாத்தானில் நட முடியாது.

அங்கே நல்ல வானிலையில், கண்ணால் பார்த்துப் பறக்கிற சின்ன விமானம், யாரிடமும் சொல்லாமல்கூடக் கிளம்பலாம். நம் நாட்டில் பறப்புத் திட்டம் கொடுத்து, வான்பாதுகாப்பு அனுமதி எண் வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்குப் போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தவுடன் கிளம்ப வழியில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. செட்டிநாட்டுக்கு வடக்கே தஞ்சாவூரில் விமானப்படைத் தளம். 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 படைப்பிரிவு வந்தது. தென்கிழக்கே உச்சிப்புளியில் 2009இலிருந்து ஐஎன்எஸ் பருந்து, கடற்படைத் தளம். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு "இது எங்கள் ஊர் வானம்" என்று சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு நினைவூட்டல். மதுரையே 24 மணி நேரமும் இயங்கத் தொடங்கியது 2024 அக்டோபரில்தான். அதுவரை ராத்திரியில் பூட்டிய கதவுதான். இத்தனை பெரிய ஊருக்கே அந்த நிலை.

உசிலம்பட்டிப்பறவை எழுதியது (ஞாயிறு, இரவு 9.15)

ஐயா, ராணுவ வானம் ட்ரோனாவுக்கும் உண்டு. பக்கத்திலேயே சைனா லேக் கடற்படை ஆயுதச் சோதனைக் களம். தெற்கே எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். சுற்றிலும் தடை செய்த வான்பகுதி, அதற்கு நடுவில் வழி விட்டு வைத்திருக்கிறார்கள். எங்கே, எந்த நேரத்தில் போகக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும்படி அச்சடித்திருக்கிறார்கள், ரேடியோவில் கேட்டால் சொல்லவும் ஆள் இருக்கிறது. ராணுவம் இருப்பதாலேயே பொதுத்தளம் முடியாது என்று ஆகிவிடாது, அவ்வளவுதான் என் கட்சி.

பழையகோபுரம் எழுதியது (ஞாயிறு, இரவு 9.50)

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் அந்த ஏற்பாட்டை அவர்கள் பல பத்தாண்டுகளாகப் பழகி வைத்திருக்கிறார்கள். கல்லல்காரர் கேட்ட கேள்விக்கு அதுதான் பாதி பதில். பழைய சிமெண்ட் தரை யாரிடமும் இருக்கும், பழக்கம்தான் இல்லை.

மேலூர்டீச்சர் எழுதியது (திங்கள், காலை 6.40)

இயற்பியல் எடுக்கிறவள் என்ற உரிமையில் நுழைகிறேன். பாலைவனத் தளம் என்றதும் எல்லாரும் மணலைப் பற்றியே பேசுகிறீர்கள். விமானத்துக்கு முதல் எதிரி சூடு. காற்று சூடானால் அடர்த்தி குறையும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். அதனால் ஓடுபாதையில் அதிக தூரம் ஓட வேண்டிவரும். கணக்குக்கு அடிப்படையாக வைக்கிற வெப்பநிலையைவிட (கடல்மட்டத்தில் 15 டிகிரி) கூடுகிற ஒவ்வொரு செல்சியஸ் டிகிரிக்கும், தளம் சுமார் 120 அடி உயர்ந்துவிட்டது போலக் கணக்கு வைக்கிறார்கள்.

அமெரிக்காவின் டெத் வேலியில் ஃபர்னஸ் க்ரீக் என்றொரு தளம் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு 210 அடி கீழே இருக்கிறது, ஓடுபாதை சுமார் 3,000 அடி நீளம். கோடையில் 49 டிகிரி வரும்போது, அந்தப் பள்ளத்தில் நிற்கிற விமானம் சுமார் 3,800 அடி உயர மலையில் நிற்பது போல நடந்துகொள்ளும். இப்போது மதுரைக்குப் போட்டுப் பாருங்கள். நம் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 460 அடி. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி என்றால் கணக்கு 3,500 அடியைத் தாண்டுகிறது. அதாவது டெத் வேலிக்கும் நமக்கும் நடுவில் சில நூறு அடிதான் வித்தியாசம்! செட்டிநாடு மதுரையைவிடத் தாழ்வான ஊர், ஆனால் வெயிலில் சளைத்ததல்ல.

பெரிய விமானத்துக்கு இது எடைப் பிரச்சினை. பயணியையோ சரக்கையோ குறைத்துக்கொள்வார்கள். செஸ்னா மாதிரி ஒற்றை எஞ்சின் சின்ன விமானத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. பழைய போர்க்கால ஓடுபாதையின் நீளம் இத்தனை அடி என்று சொல்லிவிட்டு "போதும்" என்று முடிக்காதீர்கள். மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குப் போதுமா என்று கேளுங்கள்.

பெருங்குடிமாமன் எழுதியது (திங்கள், காலை 7.15)

டீச்சரம்மா, ஆடிக் காற்றை விட்டுவிட்டீர்களே.

மேலூர்டீச்சர் எழுதியது (திங்கள், மாலை 5.20)

விடவில்லை மாமா, பீரியடு முடிந்துவிட்டது. மதுரை ரன்வே கிழக்கு மேற்காக இருப்பதால் மேற்கேயிருந்து அடிக்கிற ஆடிக் காற்று நேர் எதிரே வரும், அது இறங்குகிறவர்களுக்கு நல்லதுதான். ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கிற காற்றுதான் சின்ன விமானத்தைத் தள்ளிவிடும். போர்க்காலத் தளங்களில் ஓடுபாதைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஒன்றில் குறுக்குக்காற்று என்றால் இன்னொன்றில் இறங்கலாம்.

குயின்ஸ்லாந்துசிஸ்டர் எழுதியது (திங்கள், இரவு 8.05)

திருமங்கலத்துப் பெண், ஆஸ்திரேலியாவில் நர்ஸ். இந்த இழையில் இன்னும் யாரும் நோயாளியைப் பற்றிப் பேசவில்லையே.

இங்கே 1928 மே 17 அன்று க்ளான்கரி என்ற ஊரிலிருந்து முதல் பறக்கும் டாக்டர் கிளம்பினார். ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் தொடங்கிய வேலை, குவாண்டாஸ் விமானக் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த விமானம். அடுத்த வருடமே ஆல்ஃப்ரெட் ட்ரேகர் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கிற ரேடியோவைக் கொண்டுவந்தார். அதற்கு அப்புறம்தான் பண்ணை வீடுகள் தாமே டாக்டரைக் கூப்பிட முடிந்தது. விமானத்தளம் என்று நீங்கள் பேசுவது இங்கே பல பண்ணைகளுக்கு ஒரு மண் பாதை. விமானம் வரும் என்று தெரிந்ததும் பண்ணைக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுபாதையில் ஒரு நடை போய் கங்காருவையும் மாட்டையும் விரட்டிவிட்டு வருவார். மின்விளக்கு இல்லாத இடத்தில் டீசலில் ஊறவைத்த டாய்லெட் ரோலைத் தகர டப்பாவில் வைத்துக் கொளுத்தி இரண்டு பக்கமும் வரிசையாக வைப்பார்கள். சிரிக்காதீர்கள், அந்த வெளிச்சத்தில் பிழைத்தவர்கள் உண்டு.

பேர்ட்ஸ்வில் என்று பாலைவன ஓரத்தில் ஒரு சிற்றூர். விமானத்தை நிறுத்திவிட்டு எதிரே உள்ள 1884ஆம் வருடத்து ஹோட்டலுக்கு நடந்தே போய்விடலாம். பிரிஸ்பேனிலிருந்து மவுண்ட் ஐசா வரை ஊர் ஊராக இறங்கி ஏறுகிற விமானம் அங்கேயும் வரும். லாபத்துக்கு இல்லை, மாநில அரசு காசு கொடுத்து ஓட்டச் சொல்கிறது. நம்மூரில் டவுன் பஸ்ஸை அப்படித்தானே ஓட்டுகிறார்கள்?

கானாடுகாத்தானில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் விமானம் எதற்கு? ஆம்புலன்ஸில் ஏற்றினால் மதுரை ஒன்றரை மணி நேரம், திருச்சியும் ஏறக்குறைய அதேதான். இங்கே பேர்ட்ஸ்வில்லில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் பல நூறு கிலோமீட்டர். மழை வந்தால் ரோடே மூடிவிடும். தளத்தை உயிரோடு வைத்திருப்பது அந்தத் தூரம்தான். நமக்கு நல்லவேளையாக அது இல்லை.

உசிலம்பட்டிப்பறவை எழுதியது (திங்கள், இரவு 10.30)

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 2019 ஜூலை 4, 5 தேதிகளில் ரிட்ஜ்கிரெஸ்ட் பக்கம் 6.4, 7.1 அளவில் அடுத்தடுத்து நிலநடுக்கம். ட்ரோனாவுக்குப் போகிற முக்கியச் சாலை சேதமாகி அடைபட்டது, ஊரில் தண்ணீர் நின்றது. ஒன்றிரண்டு ரோடு மட்டும் உள்ள ஊருக்கு ஓடுபாதை ஒரு காப்பு. காரைக்குடிக்கு எத்தனை ரோடு, ரயில் வேறு.

செக்காலைக்கடை எழுதியது (செவ்வாய், காலை 10.10)

காரைக்குடியில் வியாபாரம் செய்கிறேன், என் பங்குக்கு எதிர்ப்பு. எல்லாரும் சேர்ந்து எங்கள் ஊருக்குத் தேவையில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் லண்டன் பக்கம் க்ராய்டனில் விமானம் ஓட்டப் பழகியவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்தமாக விமான நிறுவனம் வைத்திருந்தவர். அவர் ஊருக்கு விமானம் அதிகப்படியா?

வாகைக்குளத்தைப் பாருங்கள். தூத்துக்குடிக்கு 1992இல் 1,350 மீட்டர் ஓடுபாதை போட்டபோதும் யாருக்கு என்று கேட்டார்கள். 2025 ஜூலையில் புது முனையம் திறந்தாயிற்று, ஓடுபாதை 3,000 மீட்டர்.

பழையகோபுரம் எழுதியது (செவ்வாய், பகல் 12.45)

தூத்துக்குடியில் துறைமுகம் இருக்கிறது, அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே வாரநாளில் ஏறுகிறவர் கம்பெனிக் காசில் ஏறுகிறார். உங்கள் ஊரில் கூட்டம் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வரும், நடுவில் இரண்டு மாதம் ஈ ஓட்ட வேண்டும்.

நீங்கள் பார்க்க வேண்டிய ஊர் சேலம். 1993இல் திறந்த நிலையம், சேவை நிலைக்கவில்லை. 2018இல், சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு உதவுகிற உடான் திட்டத்தில் மறுபடி தொடங்கி 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் இன்னொரு தடவை தொடங்கினார்கள். சேலம் எவ்வளவு பெரிய வியாபார ஊர்! உடானில் அரசு நஷ்டத்தை ஈடுகட்டுவது மூன்று வருடத்துக்குத்தான். அதற்குள் சொந்தக்காலில் நிற்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில், வெளிநாட்டுக்கும் விமானம் போகிற இரண்டு விமான நிலையத்தை வைத்துக்கொண்டு, அங்கே கிடைக்கிற டிக்கெட்டைவிட அதிக விலை கொடுத்து 19 சீட்டு விமானத்தில் உங்கள் ஊர்க்காரரே ஏறுவாரா என்று கடையில் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள்.

செக்காலைக்கடை எழுதியது (செவ்வாய், மாலை 6.00)

கேட்டேன். "எங்க ஊர்லயிருந்துன்னா ஏறுவோம்" என்றார்கள். விலையைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் என் கோரிக்கையை விடமாட்டேன்.

காக்பிட்கனவு எழுதியது (செவ்வாய், இரவு 7.35)

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். அனுப்பானடி. பைலட் ஆக வேண்டும் என்று அலைந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் பயணிகள் விமானத்தையே பேசுகிறீர்கள். வணிக பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். இங்கே இடம் கிடைக்காமல் எத்தனை பேர் அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போகிறார்கள்! அரிசோனா பாலைவனத்தில் பயிற்சிப் பள்ளிகள் குவிந்து கிடப்பதற்குக் காரணம் மேகமில்லாத வானம்தானே? சிவகங்கைச் சீமையில் அதற்கு என்ன குறைச்சல்? மழைக்காகத்தான் ஏங்குகிறோம், வெயிலுக்கு இல்லை.

உசிலம்பட்டிப்பறவை எழுதியது (செவ்வாய், இரவு 11.10)

தம்பி சொன்னதுதான் இந்த இழையிலேயே உருப்படியான பயன்பாடு. பயிற்சிக்குப் பெரிய முனையம் வேண்டாம், கன்வேயர் பெல்ட் வேண்டாம். நல்ல தார், ஒரு கொட்டகை, ரேடியோ, எரிபொருள். சின்ன விமானங்களின் பெட்ரோல் முன்பு இந்தியாவுக்கு முழுக்க இறக்குமதிதான். 2022இல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. ஜெட் எரிபொருளிலேயே ஓடுகிற பயிற்சி விமானங்களும் வந்துவிட்டன. டீச்சர் சொன்ன சூட்டுக் கணக்குக்கும் வழி இருக்கிறது. விடியற்காலையில் தொடங்கி, பத்து பத்தரைக்குள் கொட்டகையில் ஏற்றிவிட வேண்டும். அரிசோனாவிலும் கோடையில் அதைத்தான் செய்கிறார்கள்.

பழையகோபுரம் எழுதியது (புதன், காலை 8.20)

பயிற்சித்தளம் என்றால் என் எதிர்ப்பு பாதி குறைகிறது. மீதிப் பாதி தஞ்சாவூரையும் உச்சிப்புளியையும் பற்றியது. எந்த உயரம் வரை, எந்தத் திசையில், எந்த நேரம் என்று அவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மாணவன் தனியாகப் பறக்கும் நாளில் வழி தவறினால் யாரைக் கூப்பிடுவது என்பது வரை எழுத வேண்டும். அது ஒரு நாளில் ஆகிற வேலையல்ல, ஆனால் ஆகாத வேலையும் அல்ல.

கல்லல்ரயிலடி எழுதியது (புதன், மாலை 5.45)

கேட்டதற்கு மேலேயே கிடைத்தது, எல்லாருக்கும் நன்றி. செக்காலை அண்ணன் கோபிக்க வேண்டாம், சென்னைக்கு இங்கிருந்து டிக்கெட் போடும் ஆசையை நான் விட்டுவிட்டேன். பயிற்சித்தளம் பற்றி ஒரு கேள்வி மிச்சம். அது கால்நடைப் பண்ணை. மாடு இருக்கும், சுற்றுவட்டாரத்தில் மயில் எக்கச்சக்கம். ஆஸ்திரேலியாவில் வண்டி ஓட்டி விரட்டுவதை இங்கே செய்தால் போதுமா?

பழையகோபுரம் எழுதியது (புதன், இரவு 7.30)

போதாது. எப்போதாவது ஒரு விமானம் வருகிற இடத்துக்கு அது சரி. பயிற்சியில் ஒரே மாணவன் ஒரு மணி நேரத்தில் பல தடவை இறங்கி ஏறுவான், ஒவ்வொரு தடவையும் ஜீப் போக முடியாது. மாட்டுக்குச் சுற்றுவேலி. மயிலுக்கு வேலி பயனில்லை, பறந்து தாண்டிவிடும். புல்லை வளரவிடாமல் வெட்டுவது, தானியமும் குப்பையும் அண்டாமல் பார்ப்பது, புதரை ஒழிப்பது, இதைத் தினசரி வேலையாக வைத்து ஆள் போட வேண்டும். திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் முனையத்துக்குப் படம் வரைவார்கள், புல் வெட்டுகிற சம்பளத்தை மறந்துவிடுவார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் மனு எழுதினால் அந்த வரியை முதலில் எழுதச் சொல்லுங்கள்.